ஏப்ரல் 26இல் பிறந்தவர்: ஒரு டிராக்டர் ஆலை இயக்குநரின் பொலிட்பீரோ பயணம்

1986 ஏப்ரல் 26, சனிக்கிழமை. பெலாரஸ் கம்யூனிஸ்ட் கட்சியின் முதல் செயலாளர் நிகலாய் ஸ்லியுன்கோவுக்கு அன்று 57 வயது நிறைந்தது. அதே நாள் அதிகாலை 1:23 மணிக்கு செர்னோபில் அணுமின் நிலையத்தின் நான்காம் உலை வெடித்தது. நிலையம் இருந்தது உக்ரைனில்தான். ஆனால் பெலாரஸின் தெற்கு எல்லை அங்கிருந்து இருபது கிலோமீட்டர்கூட இல்லை. முதல் நாள்களில் காற்று வடக்கு நோக்கியும் வடமேற்கு நோக்கியும் வீசியது.

ஸ்லியுன்கோவை இன்று யாரும் அதிகம் நினைவுகூர்வதில்லை. பெலாரஸ் என்றதும் அதிபர் லுகாஷென்கோ ஞாபகத்துக்கு வருவார். கொஞ்சம் பழைய ஆட்கள் என்றால் 1980 வரை கட்சித் தலைவராக இருந்த மாஷெரோவைச் சொல்வார்கள். இந்த இருவருக்கும் நடுவே ஒரு தலைமுறை இருந்தது. ஆலைகளில் வளர்ந்து, ஆலை நடத்தத் தெரிந்த காரணத்துக்காகவே நாட்டையும் நடத்தலாம் என்று தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் அவர்கள். அந்தத் தலைமுறையில் மிக உயரத்துக்குப் போனவர் ஸ்லியுன்கோவ். சரி, மறந்துபோன ஒரு கட்சிக்காரரைப் பற்றி இப்போது எதற்கு என்று கேட்கலாம். அந்தக் கடைசிக் காலச் சோவியத் அமைப்பு எப்படிப்பட்டவர்களை மேலே ஏற்றியது, ஏறும் வழியில் அவர்களுக்கு என்ன பழக்கிக் கொடுத்தது என்பதை இவருடைய வாழ்க்கையில் பார்ப்பது போல வேறெங்கும் தெளிவாகப் பார்க்க முடிவதில்லை. அதற்காகத்தான்.

முதல் செயலாளர் என்றால்

சோவியத் ஒன்றியத்தின் 15 குடியரசுகளில் ஒவ்வொன்றுக்கும் காகிதத்தில் ஒரு பிரதமரும் ஒரு நாடாளுமன்றத் தலைவரும் உண்டு. ரஷ்யாவைத் தவிர மற்றவற்றில் ஆட்சி இருந்ததோ அந்தக் குடியரசுக் கட்சியின் முதல் செயலாளர் கையில். அமைச்சர் யார், ஆலை இயக்குநர் யார், பத்திரிகை ஆசிரியர் யார் என்பதெல்லாம் அவர் அலுவலகத்தைத் தாண்டித்தான் முடிவாகும். அவரை நியமிப்பது மாஸ்கோ. உள்ளூர்க் கட்சிக் கூட்டம் கையைத் தூக்கி அதை ஆமோதிக்கும்.

மாஸ்கோவில் இதற்கும் மேலே, கட்சியின் உச்சக் குழுவான பொலிட்பீரோ. அதிலும் இரண்டு தரம்: வாக்குரிமை உள்ள முழு உறுப்பினர்கள் ஒரு பக்கம், உட்கார்ந்து பேசலாம் ஆனால் வாக்களிக்க முடியாத வேட்பு உறுப்பினர்கள் இன்னொரு பக்கம். உக்ரைன் தலைவருக்கு முழு உறுப்பினர் இடம் கிடைப்பது வழக்கம். பெலாரஸ் தலைவருக்கு அந்த அதிர்ஷ்டம் வாய்க்கவில்லை. பியோத்தர் மாஷெரோவ் 1966இல் வேட்பு உறுப்பினரானார், 1980இல் சாகும்வரை அப்படியே இருந்தார். பதினான்கு ஆண்டுகள் வாசற்படியிலேயே! ஸ்லியுன்கோவோ பெலாரஸுக்கு வந்த மூன்றே ஆண்டில் வேட்பு உறுப்பினர், அடுத்த ஆண்டே முழு உறுப்பினர். இவ்வளவு வேகம் ஏன் என்பதைப் புரிந்துகொள்ள, அவருக்கு முன்னால் இருந்தவர்களைப் பார்க்க வேண்டும்.

காட்டிலிருந்து வந்தவர்கள்

போருக்குப் பிறகு பெலாரஸை ஆண்டவர்களை 'பார்ட்டிசான்கள்' என்று சொல்வதுண்டு. ஜெர்மன் ஆக்கிரமிப்புக் காலத்தில் காடுகளில் இருந்து போரிட்ட கெரில்லாக்கள். நாட்டின் மக்களில் நான்கில் ஒருவர் அந்தப் போரில் இறந்தார் என்பது அங்கே பள்ளிக் குழந்தைக்கும் தெரிந்த கணக்கு. அப்படிப்பட்ட இடத்தில், காட்டில் துப்பாக்கி பிடித்தவன் என்பதைவிடப் பெரிய தகுதி வேறில்லை. கிரில் மசூரோவ் அப்படி வந்தவர். 1965இல் அவர் மாஸ்கோவுக்குப் போனபோது இடத்துக்கு வந்த மாஷெரோவும் அப்படித்தான்.

மாஷெரோவ் ரசோனி என்ற சிற்றூரில் கணக்கும் இயற்பியலும் சொல்லிக்கொடுத்த பள்ளி ஆசிரியர். தந்தை 1937இல் ஸ்டாலின் கால அடக்குமுறையில் கைதாகி முகாமில் இறந்தார். தாயை 1942இல் ஜெர்மானியர்கள் கொன்றார்கள். மகன் 'துப்நியாக்' என்ற புனைபெயரில் கெரில்லாப் படை நடத்தி, 26 வயதில் சோவியத் ஒன்றிய வீரர் பட்டம் வாங்கினார். பின்னாளில் கத்தீன் நினைவகம் எழுந்தது அவர் காலத்தில்தான். 1943 மார்ச்சில் 149 பேரோடு எரிக்கப்பட்ட அந்தக் கிராமத்தின் இடத்தில், 1969இல் அது திறக்கப்பட்டது. ஹெலிகாப்டரில் வயல்களைச் சுற்றிப் பார்ப்பார், கூட்டுப்பண்ணையில் இறங்கிப் பேசுவார் என்று மக்கள் இன்றும் கதை சொல்கிறார்கள். அதில் எவ்வளவு உண்மை, எவ்வளவு ஏக்கம் என்று பிரிப்பது கஷ்டம்.

1980 அக்டோபர் 4 அன்று மின்ஸ்க்–மாஸ்கோ நெடுஞ்சாலையில், ஸ்மலியாவிச்சி அருகே, அவருடைய சாய்க்கா கார் உருளைக்கிழங்கு ஏற்றிவந்த லாரி ஒன்றின் மீது மோதியது. மாஷெரோவும் ஓட்டுநரும் பாதுகாவலரும் அங்கேயே இறந்தார்கள். அதே மாதம் மாஸ்கோவில் பிரதமர் கசீகின் பதவி விலகினார். அந்த நாற்காலிக்கு மாஷெரோவ் போயிருப்பார், அதனால்தான் தீர்த்துக்கட்டினார்கள் என்று ஒரு வதந்தி பிறந்து இன்றுவரை ஓயவில்லை. நம்பும்படியான ஆதாரம் எதுவும் வெளியே வரவில்லை. என் கணக்கில், ஒரு சாதாரண உருளைக்கிழங்கு லாரிதான் இந்தக் கதையின் உண்மையான வில்லன். ஆனால் பிரியமான தலைவர் ஒருவர் சாதாரணமாகச் செத்தார் என்பதை எந்த ஊரில்தான் ஒத்துக்கொள்கிறார்கள்?

அடுத்து வந்த தீஹன் கிசெல்யோவ் மாஷெரோவைவிடச் சில மாதங்கள் மூத்தவர். இரண்டேகால் ஆண்டு இருந்தார், 1983 ஜனவரி 11 அன்று இறந்தார். இரண்டே நாளில் மாஸ்கோ ஆளை அனுப்பியது. வந்தவருக்கு 53 வயது. போர் தொடங்கியபோது 12 வயதுச் சிறுவன். காட்டில் துப்பாக்கி பிடித்த கதை எதுவும் இல்லாதவர்.

ஆலை என்ற ஊர்

ஸ்லியுன்கோவ் பிறந்தது 1929இல், இன்றைய கோமெல் மாகாணம் ரகச்சோவ் மாவட்டத்தில், கரதேத்ஸ் என்ற கிராமத்தில். (நீலமும் வெள்ளையுமான டப்பாவில் வரும் கெட்டிப்பாலுக்காகச் சோவியத் நாடெங்கும் பேர்போன ரகச்சோவ்தான்.) போர் முடிந்து தொழிற்பயிற்சிக் கல்லூரியில் படித்து, 1950இல் மின்ஸ்க் டிராக்டர் ஆலையில் சேர்ந்தார்.

அந்த ஆலைக்கே அப்போது நான்கு வயதுதான். 1946 மே மாதம், இடிந்து தரைமட்டமாகிக் கிடந்த நகரத்தில் அதைத் தொடங்கினார்கள். கிராமங்களிலிருந்து இளைஞர்கள் சாரிசாரியாக வந்து சேர்ந்தார்கள். நேற்றுவரை மாட்டைப் பிடித்தவன் இன்று கடைசல் இயந்திரம் பிடிப்பான். ஸ்லியுன்கோவ் அந்த அலையில் வந்த ஒருவர். அங்கே ஃபோர்மேன் வேலையும் பார்த்தார், தொழிற்சங்கக் கமிட்டித் தலைவராகவும் இருந்தார், வேலை பார்த்துக்கொண்டே அஞ்சல் வழியில் பட்டமும் வாங்கினார். 1960இல் மின்ஸ்க்கின் உதிரிபாக ஆலை ஒன்றுக்கு இயக்குநர். 1965இல் தன் பழைய டிராக்டர் ஆலைக்கே இயக்குநராகத் திரும்பினார். அப்போது வயது 36.

'ஆலை இயக்குநர்' என்றதும் நமக்கு ஒரு மேனேஜர் தோன்றலாம். அது போதாது. மின்ஸ்க் டிராக்டர் ஆலை ஒரு தனி ஊர். குடியிருப்பு, மழலையர் பள்ளி, மருத்துவமனை, கலாசார மாளிகை, கோடை முகாம் எல்லாம் ஆலைக்குச் சொந்தம். வீட்டுக்கு வரிசையில் நிற்பவன் நகராட்சிக்குப் போக மாட்டான், இயக்குநரிடம் மனு கொடுப்பான். 'பெலாரஸ்' என்ற பெயர் பொறித்த அந்த டிராக்டர்கள் உலகின் பல நாடுகளுக்குப் போயின. பிற்காலத்தில் உற்பத்தி ஆண்டுக்கு ஒரு லட்சத்தை ஒட்டி வந்தது. பெலாரஸ் என்ற நாடு இருப்பதே தெரியாதவனுக்கும் பெலாரஸ் டிராக்டர் தெரிந்திருந்தது.

அந்த இயக்குநரின் அன்றாட வேலை என்ன? மாஸ்கோவிலிருந்து 'பிளான்' வரும்: இந்த ஆண்டு இத்தனை டிராக்டர். அதை முடித்தால் போனஸ், பதக்கம், பதவி உயர்வு. முடிக்காவிட்டால் விளக்கம். ஆனால் டிராக்டர் செய்ய வேண்டிய இரும்பும் டயரும் பேரிங்கும் வேறு வேறு ஆலைகளிலிருந்து, வேறு வேறு அமைச்சகங்களின் கீழிருந்து வர வேண்டும். சொன்ன தேதிக்கு வராது. அதனால் ஒவ்வோர் ஆலையும் 'தல்காச்' என்ற ஆட்களை வைத்திருக்கும். தள்ளிவிடுகிறவன் என்று அர்த்தம். ஒரு பாட்டிலும் சில பரிசுகளுமாக ரயிலேறிப் போய், எங்கோ கிடங்கில் கிடக்கும் சரக்கைக் கெஞ்சியோ மிரட்டியோ வாங்கி வருவான். மாதத்தின் முதல் இருபது நாள் உதிரிபாகத்துக்காகக் காத்திருப்பு, கடைசிப் பத்து நாள் இரவும் பகலும் வேலை. மாதக் கடைசியில் செய்த சாமானை வாங்காதே என்று சோவியத் மக்கள் தங்களுக்குள் சொல்லிக்கொண்டது இதனால்தான்.

இதோடு இன்னொரு வித்தையும் வேண்டும், அதுதான் முக்கியமானது. ஆலையால் உண்மையில் எவ்வளவு முடியும் என்பதை மேலே சொல்லக் கூடாது. நூறு முடியும் என்று சொன்னால் அடுத்த ஆண்டு நூற்றிருபது கேட்பார்கள். எண்பது முடியும் என்று சொல்லி, எண்பத்தைந்து செய்து காட்டி, பாராட்டு வாங்க வேண்டும். கெட்ட செய்தியை மேலே அனுப்பும்போது அதோடு தீர்வையும் அனுப்ப வேண்டும். தீர்வு இல்லையென்றால், செய்தி கொஞ்ச நாள் மேஜையிலேயே இருக்கட்டும். இதைக் கபடம் என்று சொல்லிவிட முடியாது. அந்த அமைப்பில் ஆலையையும் அதை நம்பியிருந்த ஆயிரக்கணக்கான குடும்பங்களையும் காப்பாற்ற அது ஒன்றே வழி. திறமையான இயக்குநர்கள் எல்லோரும் இதில் தேறியவர்கள். ஸ்லியுன்கோவ் ஏழு ஆண்டு அந்த நாற்காலியில் இருந்து, அங்கிருந்து மேலே போனார் என்றால், அவரும் நன்றாகவே தேறியிருக்க வேண்டும்.

1972இல் அவர் மின்ஸ்க் நகரக் கமிட்டியின் முதல் செயலாளர். நகரின் மக்கள்தொகை பத்து லட்சத்தைத் தொட்ட ஆண்டும் அதுதான். 1974இல் மாஸ்கோ அழைத்தது. கோஸ்பிளான் என்ற மத்தியத் திட்டக் குழுவில் துணைத் தலைவர். இவ்வளவு நாள் பிளானை வாங்கியவர் இப்போது பிளானைப் போடுகிற பக்கம் போய் உட்கார்ந்தார், ஒன்பது ஆண்டு. அங்கே 1979 முதல் 1982 வரை முதல் துணைத் தலைவராக இருந்தவர் நிகலாய் ரிஷ்கோவ், உரால் பகுதியின் பெரிய இயந்திர ஆலையிலிருந்து வந்தவர். அதாவது இவரைப் போலவே இன்னோர் ஆலை ஆள். 1982 நவம்பரில் ஆந்த்ரோபோவ் சோவியத் தலைவராக வந்ததும் ரிஷ்கோவைப் பொருளாதாரத்துக்கான செயலாளராக்கினார். பேச்சாளர்கள் போதும், வேலை தெரிந்தவன் வேண்டும் என்ற மனநிலை அப்போது. இரண்டு மாதத்தில் பெலாரஸில் இடம் காலியானது. கோஸ்பிளானிலிருந்து ஸ்லியுன்கோவ் ரயிலேறினார்.

முன்மாதிரிக் குடியரசு

மின்ஸ்க்குக்குத் திரும்பியவர் தன்னைப் போன்ற ஆள்களை மேலே கொண்டுவந்தார். நகரத்து ஆலைகள், நகரக் கமிட்டி, திட்டத் துறை என்று ஒரே படிக்கட்டில் ஏறியவர்கள். இயந்திரக் கருவி ஆலையின் தலைவராக இருந்த வியாச்சிஸ்லாவ் கேபிச் 1985இல் துணைப் பிரதமராகவும் பெலாரஸ் திட்டக் குழுத் தலைவராகவும் ஆனார். காட்டிலிருந்து வந்தவர்களின் காலம் முடிந்து, கடைசல் பட்டறையிலிருந்து வந்தவர்களின் காலம் தொடங்கியது.

பெலாரஸ் அப்போது மாஸ்கோவின் செல்லப்பிள்ளை. கலவரம் இல்லை, தேசியவாதச் சத்தம் இல்லை, பிளான் தவறாமல் முடியும். அதனால் புதிய சோதனைகளை அங்கே முயன்று பார்ப்பது வசதி. 1984 ஜனவரியில் ஆலைகளுக்குக் கொஞ்சம் சுதந்திரம் கொடுத்துப் பார்க்கும் ஒரு பெரிய பொருளாதாரச் சோதனை தொடங்கியபோது, அதில் சேர்க்கப்பட்ட ஐந்து அமைச்சகங்களில் ஒன்று பெலாரஸின் இலகுரகத் தொழில் அமைச்சகம். 1985 இறுதியில் பெலாரஸ் ரயில்வேயில் இன்னொரு சோதனை: ஆளைக் குறை, மிச்சப்படும் சம்பளத்தை மீதியிருப்பவர்களுக்குக் கொடு. சுமார் 12,000 பேர் குறைக்கப்பட்டார்கள், ரயில்கள் வழக்கம்போல் ஓடின. 'பெலாரஸ் முறை' என்று பத்திரிகைகள் கொண்டாடின. எல்லோருக்கும் வேலை என்பதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்ட நாட்டில், வேலையில் இருந்தவர்களில் பலர் தேவையில்லாமல் இருந்தார்கள் என்பதைத்தான் அந்தச் சோதனை நிரூபித்தது. அதை யாரும் அப்படி எழுதவில்லை.

1986 மார்ச் 6, கட்சியின் 27ஆவது மாநாட்டு முடிவில், ஸ்லியுன்கோவ் பொலிட்பீரோ வேட்பு உறுப்பினரானார்.

இன்னொரு பக்கமும் உண்டு. பெலாரஸ் மொழி அந்த ஆண்டுகளில் நகரங்களை விட்டு ஏறக்குறைய வெளியேறிவிட்டது. தலைநகரிலேயே தாய்மொழியில் பாடம் நடத்தும் பள்ளி இல்லை. 1986 டிசம்பரில் பெலாரஸ் அறிவுஜீவிகள் 28 பேர் சோவியத் தலைவர் கர்பச்சோவுக்கு இதுபற்றி ஒரு கடிதம் எழுதினார்கள். மின்ஸ்க்கில் இருந்த தங்கள் சொந்தத் தலைவரைத் தாண்டி மாஸ்கோவுக்கு எழுதினார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். ஆலை ஆள்களுக்கு மொழி ஒரு பிரச்சினையாகவே தெரியவில்லை. உற்பத்தி அறிக்கையில் அதற்கு ஒரு கட்டம் இல்லையே.

அந்த வாரம்

மார்ச் 6இலிருந்து ஏழு வாரம். செர்னோபில்.

வெடிப்பு நடந்த நிலையம் உக்ரைன் மண்ணில் இருந்தாலும் மாஸ்கோ அமைச்சகத்தின் கீழ் இருந்தது. கதிரியக்கம் பற்றிய தகவல் எல்லாம் ரகசியம். ஏப்ரல் 28 அன்று ஸ்வீடனின் ஃபோர்ஸ்மார்க் நிலையத்தில் கருவிகள் கத்தத் தொடங்கிய பிறகுதான், அன்று இரவு, சோவியத் செய்தி நிறுவனம் நாலு வரி வெளியிட்டது. ஆனால் மின்ஸ்க்குக்கு ஸ்வீடன்காரர்கள் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. நகருக்கு வெளியே சோஸ்னி என்ற இடத்தில் பெலாரஸ் அறிவியல் கழகத்தின் அணுசக்தி நிறுவனம் இருந்தது. அதன் இயக்குநர் வசீலி நெஸ்தெரென்கோ. அவருடைய ஆட்களிடம் கருவி இருந்தது, கருவியில் எண் ஏறிக்கொண்டிருந்தது.

நெஸ்தெரென்கோ பின்னாளில் பலமுறை சொன்ன கதை இது. மாஸ்கோவில் இருந்தபோது விஷயம் தெரிந்து ஸ்லியுன்கோவுக்குத் தொலைபேசியில் சொல்ல முயன்றார். இணைப்பு துண்டிக்கப்பட்டது. மின்ஸ்க் திரும்பி, அலுவலக வாசலில் மணிக்கணக்கில் காத்திருந்து, நேரில் பார்த்தார். மக்களுக்கு உடனே அயோடின் கொடுக்க வேண்டும், நிலையத்தைச் சுற்றி நூறு கிலோமீட்டர் வரை ஆட்களை வெளியேற்ற வேண்டும் என்றார். மாஸ்கோவிடம் கேட்டாயிற்று, பயப்பட ஒன்றுமில்லை என்கிறார்கள், பீதி கிளப்பாதே என்ற வகையில்தான் பதில் கிடைத்தது. ஒருவர் மட்டும் சொன்ன கதை இது, அதை மறக்கக் கூடாது. ஆனால் அதற்கடுத்து நடந்தவை எல்லாம் அதோடு பொருந்திப்போகின்றன.

மே தின ஊர்வலம் மின்ஸ்க்கில் வழக்கம்போல் நடந்தது. மே 2 அன்று, அதற்குள் பிரதமராகிவிட்ட ரிஷ்கோவும் கட்சியின் இரண்டாம் நிலைத் தலைவர் லிகச்சோவும் செர்னோபிலுக்கு வந்து 30 கிலோமீட்டர் வட்டத்தைக் காலி செய்ய முடிவெடுத்த பிறகுதான் பெலாரஸ் கிராமங்களின் முறை வந்தது. பிராகின், ஹோய்னிகி, நரோவ்லியா மாவட்டங்களிலிருந்து அந்த ஆண்டு 24,700 பேர் வெளியேற்றப்பட்டார்கள். கதிரியக்க அயோடினின் பாதி ஆயுள் எட்டு நாள். மாத்திரை கொடுப்பதாக இருந்தால் முதல் சில நாளிலேயே கொடுத்திருக்க வேண்டும். குழந்தைகளின் கழுத்துச் சுரப்பி அந்த நாள்களில், பெரும்பாலும் பால் வழியாக, அதை உறிஞ்சிக்கொண்டது. 1990 முதல் கோமெல் பகுதியில் குழந்தைகளுக்குத் தைராய்டு புற்றுநோய் கூடத் தொடங்கியதை மருத்துவர்கள் கண்டார்கள். ஸ்லியுன்கோவ் பிறந்த மாகாணம் அது.

கொட்டிய கதிரியக்கத்தில் சுமார் 70 சதவீதம் பெலாரஸில் விழுந்ததாகச் சொல்லப்படுகிறது. நாட்டின் பரப்பில் 23 சதவீதம் கதிரியக்கச் சீசியத்தால் மாசுபட்டது. அங்கே வாழ்ந்தவர்கள் சுமார் 22 லட்சம், மக்கள்தொகையில் ஐந்தில் ஒருவர். நிலையத்திலிருந்து இருநூறு கிலோமீட்டருக்கும் அப்பால், மழையோடு இறங்கியதால், மகிலியோவ் மாகாணத்தின் சில மாவட்டங்களும் மோசமாக மாசடைந்தன. அங்கிருந்தவர்களுக்குத் தாங்கள் எங்கே வாழ்கிறோம் என்பதே 1989இல் மாசு வரைபடங்கள் பத்திரிகையில் வந்தபோதுதான் புரிந்தது. மூன்று ஆண்டு அந்த மண்ணில் உழுதார்கள், அந்தக் காளானைச் சமைத்தார்கள்.

ஸ்லியுன்கோவுக்காக வாதாட இடமில்லாமல் இல்லை. பெலாரஸில் அப்போது அணுமின் நிலையமே கிடையாது. பாதுகாப்பு அளவுகளை நிர்ணயித்தது மாஸ்கோ. ஒரு குடியரசின் கட்சித் தலைவர் தானாக முடிவெடுத்து ஒரு மாகாணத்தைக் காலி செய்வது என்பது அந்த அமைப்பில் யாரும் கற்பனைகூடச் செய்யாதது. கீவில் உக்ரைன் கட்சித் தலைவர் ஷெர்பித்ஸ்கி முழு பொலிட்பீரோ உறுப்பினராக இருந்தும் ஊர்வலத்தை நிறுத்தவில்லை. இதெல்லாம் சரி. ஆனால் மாஸ்கோவின் வார்த்தை ஒரு பக்கமும், தன் சொந்த ஊர் விஞ்ஞானியின் கருவி காட்டிய எண் இன்னொரு பக்கமும் இருந்தபோது அவர் எதை எடுத்துக்கொண்டார் என்ற கேள்வி அப்படியே இருக்கிறது. ஏழு வாரத்துக்கு முன் பதவி உயர்ந்த ஒருவர், தீர்வு இல்லாத ஒரு கெட்ட செய்தியைக் கையில் வைத்திருக்கிறார். டிராக்டர் ஆலையில் படித்த பாடம் அவருக்குத் தெரியும்.

அந்த ஆண்டு ஜூன் மாதம் எழுத்தாளர் அலெஸ் ஆதமோவிச், பெலாரஸில் நடப்பதைச் சொல்லி கர்பச்சோவுக்கே நேரடியாகக் கடிதம் எழுதினார். ஆதமோவிச் சிறுவனாகவே கெரில்லாப் படையில் இருந்தவர்.

பிறகு தேதிகள். 1987 ஜனவரியில் ஸ்லியுன்கோவ் கட்சி மத்தியக் குழுவின் செயலாளராக மாஸ்கோவுக்குப் போனார். ஜூன் மாதம் முழு பொலிட்பீரோ உறுப்பினர். அதே 1987இல் நெஸ்தெரென்கோ தன் நிறுவனத்தின் இயக்குநர் பதவியிலிருந்து நீக்கப்பட்டார்.

சோப்பு கேட்டவர்கள்

1987 ஜூன் கூட்டத்தில் மூன்று பேர் முழு உறுப்பினர்களாக உயர்த்தப்பட்டார்கள்: யாகவ்லெவ், நிகோனோவ், ஸ்லியுன்கோவ். கருத்தியலுக்கு ஒருவர், விவசாயத்துக்கு ஒருவர், தொழிலுக்கு ஒருவர் என்று வைத்துக்கொள்ளலாம். அரசு ஆலைகளுக்கான புதிய சட்டம் அப்போதுதான் வந்தது. ஆலை தன் கணக்கைத் தானே பார்க்கட்டும், இயக்குநரைத் தொழிலாளர்களே தேர்ந்தெடுக்கட்டும் என்றது சட்டம். விலையை நிர்ணயிப்பது மட்டும் அரசுதான். அமைச்சகங்கள் 'அரசு ஆர்டர்' என்ற புதுப் பெயரில் பழைய பிளானையே திரும்ப அனுப்பின. ஆலைகள் சம்பளத்தை உயர்த்தின, கடையில் சாமான் உயரவில்லை. பெலாரஸ் ரயில்வேயில் வேலை செய்த வித்தை நாடு முழுதும் வேலை செய்யவில்லை. 1988 இறுதியில் ஸ்லியுன்கோவ் மத்தியக் குழுவின் சமூக-பொருளாதாரக் கொள்கைக் குழுத் தலைவரானார். பெரிய பெயர்தான். அதற்குள் கட்சி அலுவலகத்திலிருந்து பொருளாதாரத்தை ஓட்டும் காலமே முடிந்துகொண்டிருந்தது.

அவர் பெயர் கடைசியாகப் பெரிதாக அடிபட்டது 1989 ஜூலையில். சைபீரியாவின் குஸ்பாஸ் நிலக்கரிப் பகுதியில், மெஷ்துரேசென்ஸ்க் ஊரில், சுரங்கத்திலிருந்து ஏறிவந்த தொழிலாளர்கள் வீட்டுக்குப் போக மறுத்தார்கள். கேட்டவற்றில் ஒன்று சோப்பு. உடம்பெல்லாம் கரியோடு மேலே வருகிறவனுக்குக் குளிக்கச் சோப்பு கிடைக்கவில்லை. ஒரே வாரத்தில் ஒரு லட்சத்துக்கும் அதிகமானோர் வேலையை நிறுத்தினார்கள். தொழிலாளர் அரசு என்று சொல்லிக்கொண்ட நாட்டில் இப்படி ஒன்று நடந்தால் என்ன செய்வது என்று யாரிடமும் விதிமுறை இல்லை. மாஸ்கோ அனுப்பிய குழுவுக்குத் தலைவர் ஸ்லியுன்கோவ். புரகோபியெவ்ஸ்க் நகரில் வேலைநிறுத்தக் கமிட்டியோடு எதிரெதிரே உட்கார்ந்து பேசி, 35 அம்சம் கொண்ட உடன்பாட்டில் கையெழுத்திட்டார்கள். வெளியே சதுக்கத்தில் கூட்டம் ஒலிபெருக்கியில் கேட்டுக்கொண்டிருந்தது.

இந்த இடத்தில் அவர்மேல் எனக்குக் கொஞ்சம் மரியாதை வருகிறது. தொழிற்சங்கக் கமிட்டியில் இருந்தவர், ஆலை மனிதர்களின் பேச்சு தெரிந்தவர். சர்க்கரை எத்தனை டன், இறைச்சி எத்தனை டன், சோப்பு எத்தனை என்று பேரம் பேசுவது அவருக்குப் பழகிய வேலை. அந்தக் காகிதத்தில் இருந்ததைக் கொடுக்க நாட்டிடம் சரக்கு இல்லை என்பதும் கோஸ்பிளானில் ஒன்பது ஆண்டு இருந்தவருக்குத் தெரியாமல் இருந்திருக்காது. அதே நாள்களில் வேலைநிறுத்தம் தோன்பாஸ், வர்குதா, கரகந்தா என்று மற்றச் சுரங்கங்களுக்கும் பரவியது. கேட்டால் கிடைக்கும் என்று தெரிந்துவிட்டதே.

1990 ஜூலையில் 28ஆவது கட்சி மாநாடு. பொலிட்பீரோவை முற்றிலும் மாற்றியமைத்தார்கள், ஸ்லியுன்கோவ் அதில் இல்லை. 61 வயதில் அவருடைய அரசியல் முடிந்தது. அந்த மாநாட்டில் இன்னொரு விதியும் வந்தது: ஒவ்வொரு குடியரசின் முதல் செயலாளரும் பதவி வழியாகவே பொலிட்பீரோ உறுப்பினர். மாஷெரோவ் பதினான்கு ஆண்டு காத்திருந்து கிடைக்காத இருக்கை, பெலாரஸில் ஸ்லியுன்கோவுக்குப் பின் வந்த எஃப்ரெம் சகலோவுக்குத் தானாகவே வந்து சேர்ந்தது. அப்போது அந்த இருக்கைக்கு மதிப்பு எதுவும் மிச்சமில்லை.

விட்டுவந்த வீடு

சகலோவ் வேளாண் துறைக்காரர். அவர் காலத்தில்தான் மின்ஸ்க் அருகே குரபாத்தியில் ஸ்டாலின் காலப் புதைகுழிகள் பற்றிய செய்தி 1988 ஜூனில் வெளியானது. அதே ஆண்டு அக்டோபரில் முன்னோரை நினைவுகூரக் கூடிய மக்களைக் காவல்துறை அடித்துக் கலைத்தது. பெலாரஸை 'பெரெஸ்த்ரோய்காவின் வாந்தே' என்று அழைத்தார் ஆதமோவிச். பெரெஸ்த்ரோய்கா என்பது கர்பச்சோவின் சீர்திருத்தம். பிரெஞ்சுப் புரட்சியை எதிர்த்து நின்ற பகுதி வாந்தே. ஸ்லியுன்கோவ் விட்டுச்சென்ற ஆள்களும் பழக்கங்களும் அங்கே அப்படியே இருந்தன.

1991 ஏப்ரலில் மாஸ்கோ விலைகளை உயர்த்தியது. மின்ஸ்க்கின் பெரிய ஆலைகளிலிருந்து பல்லாயிரம் தொழிலாளர்கள் அரசு மாளிகைச் சதுக்கத்துக்கு நடந்து வந்தார்கள். ஒன்றியத்தின் மிக அமைதியான குடியரசு என்ற பெயர் அன்றோடு போனது. ஆகஸ்டில் கட்சியே இடைநிறுத்தப்பட்டது. டிசம்பரில் பெலவேஷா காட்டில் ஒன்றியத்தைக் கலைக்கும் ஒப்பந்தத்தில் பெலாரஸ் சார்பில் கையெழுத்துப் போட்ட இருவரில் ஒருவர் கேபிச், 1985இல் ஆலைத் தலைவர்கள் வரிசையிலிருந்து மேலே வந்த அதே கேபிச். 1994இல் அவர் அதிபர் தேர்தலில் நின்றார். பிரதமர் பதவி, அதிகாரிகள், ஆலை இயக்குநர்கள் எல்லாம் அவர் பக்கம். மாகாணத்து அரசுப் பண்ணை ஒன்றின் முன்னாள் இயக்குநரான அலெக்ஸாந்தர் லுகாஷென்கோவிடம் படுதோல்வி அடைந்தார். ஆலைக்காரர்களின் ஆட்சி அத்தோடு முடிந்தது.

நெஸ்தெரென்கோ 1990இல் 'பெல்ராத்' என்ற தன் சொந்த நிறுவனத்தைத் தொடங்கி, மாசடைந்த கிராமங்களில் உணவையும் குழந்தைகளின் உடலில் இருந்த சீசியத்தையும் அளந்துகொண்டே இருந்தார். 2008இல் இறந்தார். ஸ்லியுன்கோவ் ஓய்வுபெற்றபின் பொதுவெளியிலிருந்து விலகியே இருந்தார், 2022இல் 93 வயதில் காலமானார். ஏப்ரல் 26 அன்று மின்ஸ்க் வீதிகளில் எதிர்க்கட்சியினர் 'செர்னோபில் பாதை' என்ற பெயரில் ஊர்வலம் போவது பல ஆண்டுகள் வழக்கமாக இருந்தது. வெடிப்புக்குப் பிறகு ஸ்லியுன்கோவுக்கு இன்னும் 36 பிறந்தநாள்கள் வந்தன.